தோல் இல்லாத வீடு

2017 அக்டோபர் 11, புதன்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, ஆவரைவிளை கீழத்தெருவில், தங்கபுஷ்பத்தின் வீட்டு அடுப்படி மூலையில் கிடந்த ஓலைப்பெட்டிக்குள், பவுனு என்கிற முள்ளெலி மூன்று குட்டிகள் ஈன்றது. குட்டிகள் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளத்தில், கண் திறக்காமல், முதுகில் ஈரம் காயாத வெள்ளை முட்களோடு கிடந்தன. தங்கபுஷ்பம் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள், தொடவில்லை. பிறகு எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து, எதிரே வாசல் தெளித்துக்கொண்டிருந்த பொன்சீலிக்குக் கேட்கிற மாதிரியும், பொன்சீலியைத் தாண்டித் தெருமுனை மாடிவீட்டில் இருந்த ஜெயக்கொடிக்குக் கேட்கிற மாதிரியும் சொன்னாள்.

"மூணு. மூணும் உசுரோட."

உசுரோட என்ற சொல்லை அவள் ஏன் அப்படி இழுத்துச் சொன்னாள் என்பது கீழத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். தேரிக்காட்டின் செம்மண் மேட்டை ஒட்டிய அந்த ஊரில், கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீர்வரிசையின் முதல் தட்டில் ஒரு பித்தளைச் செப்பு போகும். செப்புக்குள் உப்பு தடவி வெயிலில் காயவைத்த ஒரு முள்ளெலித் தோல் இருக்கும். பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தால் அந்தத் தோலிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, உரைகல்லில் தேன் விட்டு உரசி, நாக்கில் தடவுவார்கள். தடுப்பூசி வந்து கக்குவானே ஊரைவிட்டுப் போய்ப் பல காலம் ஆன பிறகும், முள்ளெலியும் தேரியில் அரிதாகிப்போன பிறகும், செப்பு மட்டும் போய்க்கொண்டுதான் இருந்தது. தோல் எவ்வளவு பழையதோ அவ்வளவு கௌரவம். செப்புத் தட்டைத் தலையில் வைத்து ஊர்வலத்தின் முன்னால் நடக்கிற பெண், தோல் உள்ள வீட்டுப் பெண்ணாக இருக்கவேண்டும் என்பது எழுதாத சட்டம்.

தங்கபுஷ்பம் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டிலிருந்து வாழ வந்தவள். இருபது பாத்திரம், ஒரு தையல் மிஷின், இரண்டு பவுன் சங்கிலி எல்லாம் கொண்டுவந்தாள். தோல் கொண்டுவரவில்லை, அப்படி ஒன்று கொண்டுவர வேண்டும் என்று அவள் ஊரில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வைத்த பெயர்தான் 'தோல் இல்லாத வீடு'. வரி கேட்டு வருகிற கோயில்காரர்கள்கூட அப்படித்தான் வழி சொல்லிக்கொள்வார்கள். அவளுடைய மகன் இசக்கிராசா கைப்பிள்ளையாக இருந்தபோது கண் செருகுகிற மாதிரி இருமினான். அவள் ஜெயக்கொடி வீட்டுப் படியில் போய் நின்றாள். ஜெயக்கொடி உள்ளே போய்ச் செப்பைத் திறந்து, ஒரே ஒரு முள்ளைப் பிடுங்கிவந்து, கையில் கொடுக்காமல் நடையில் வைத்து, "எடுத்துக்கோ. இதுல மிச்சம் வந்தா திருப்பிக் குடுத்துரணும்," என்றாள். பையன் பிழைத்து, வளர்ந்து, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன பிறகும், "அந்தா போறாம்லா, என் வீட்டு முள்ளு," என்று ஜெயக்கொடி சொல்வதை நிறுத்தவில்லை.

பவுனு அந்த வீட்டுக்கு வந்ததும் தோலாகத்தான் வந்தது, அதாவது தோலாக்கப்படுவதற்காக. தங்கபுஷ்பத்தின் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் தேரியில் நிற்கிற மின்சாரக் காற்றாடிகளுக்கு வாட்ச்மேன். சித்திரை மாசம் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது கேபிள் குழிக்குள் உருண்டு கிடந்த அதைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்தார்.

"ஏட்டி புஷ்பம், இந்தா ஒன் தோல். இனிமே எவளும் ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டா."

அது மெல்ல விரிந்து, மூக்கை நீட்டி, தங்கபுஷ்பத்தின் கால் கட்டைவிரலை முகர்ந்து, தாண்டிப் போய், சிலிண்டருக்கு அடியில் இருந்த ஒரு கரப்பானை மொறுமொறுவென்று தின்றது. தங்கபுஷ்பம் அரிவாள்மனையை எடுத்துப் பரணில் வைத்தாள்.

"அவள்வ வீட்டுல செத்தது இருக்கு. நம்ம வீட்டுல இருக்கது இருக்கட்டும்," என்றாள்.

அதற்குப் பவுனு என்று பெயர் வைத்தாள். சாயங்காலமானால் அது சாக்கடைத் துவாரம் வழியாகத் தேரிக்குப் போய்விட்டு, விடிவதற்குள் திரும்பி வந்து ஓலைப்பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும். அப்படிப் போய்வந்ததில்தான் வயிறு கனத்தது. கடைக்குப் போனாலும் ரேஷனுக்கு நின்றாலும் தங்கபுஷ்பத்துக்கு அதே பேச்சாக இருந்தது.

குட்டிகள் பிறந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பவுனு இருமியது. கிணற்று உருளையில் காய்ந்த கயிறு ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். முலைக்காம்புகள் சிவந்து கல்லாகிக் கிடந்தன. குட்டிகள் முட்டிப்போனால் அது முதுகைத் திருப்பிக்கொண்டது, அப்புறம் முட்களைச் சிலிர்த்துக்கொண்டது. வைத்த வண்டு வைத்தபடி இருந்தது. மூன்று குட்டிகளும் சேர்ந்து போட்ட சத்தம் ஒரு கீச்சுக்கூட இல்லை, நூல் அறுகிற சத்தம்தான், ஆனால் தங்கபுஷ்பத்துக்கு வீடு முழுவதும் அதுதான் கேட்டது. சுயம்புலிங்கம் டாக்டரம்மாவைக் கூட்டிவர பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் தெரு உள்ளே வந்துவிட்டது.

ஜெயக்கொடி அடுப்படி வரை வரவில்லை, நிலைப்படியில் நின்றுகொண்டாள். அவளுக்கு அறுபது வயது இருக்கும். தெருவில் எல்லோருக்கும் மதினி.

"ஏளா புஷ்பம், செத்துச்சுன்னா வீணாக்கிராத. உப்பத் தடவி மொட்ட மாடியில போடு. ஒரு வழியா ஒன் வீட்டுக்கும் ஒண்ணு ஆச்சுன்னு இருக்கட்டும்."

"செத்தா குழி தோண்டிப் புதைப்பேன் மதினி. உரிச்சுப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுத குடும்பம் இல்ல நாங்க."

"பூட்டி வச்சதுலதான் ஒன் மவன் மூச்சு விடுதான், ஞாவகம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி போய்விட்டாள்.

மற்றவர்கள் இருந்து யோசித்தார்கள். இருமல் என்றால் அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு மருந்துதான் தெரியும். பொன்சீலி போய்த் தன் வீட்டுச் செப்பையும் உரைகல்லையும் தேன் பாட்டிலையும் எடுத்துவந்தாள். அவளுடைய அம்மை கொடுத்த தோல், மூன்று பிள்ளைகளையும் ஒரு கொழுந்தனையும் காப்பாற்றிய தோல். ஒரு முள்ளைப் பிடுங்கி உரசத் தொடங்கினாள். முள்ளெலிக்கு முள்ளெலி முள்ளையே மருந்தாகக் கொடுக்கப்போகிறோம் என்பது அங்கே நின்ற ஒன்பது பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. உரசும்போது கை இடறாமல் இருக்கட்டும் என்று தோலை எடுத்து மல்லாக்க ஓலைப்பெட்டிக்குள் குட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்ததும் பொன்சீலிதான்.

குட்டிகள் கத்தின. தோலின் உட்புறம், உப்பு பூத்து அப்பளம் மாதிரி விறைத்திருந்த பக்கம், ஈரமானது. முதலில் வியர்த்த மாதிரி இருந்தது. பிறகு முன்னொரு காலத்தில் காம்புகள் இருந்த இடங்களில் புள்ளி புள்ளியாக வெள்ளை கோத்து, உருண்டு, வழிந்தது. மூன்று குட்டிகளும் வாடை பிடித்து ஊர்ந்துபோய் ஆளுக்கொரு புள்ளியில் வாயை வைத்துக்கொண்டன. தோல் ஓரங்களை மெதுவாக உயர்த்தி, வாழைப்பூ மடல் மாதிரி அவற்றைச் சுற்றி மூடிக்கொண்டது.

"பால் வருதுட்டி," என்றாள் பொன்சீலி, உரசுவதை நிறுத்தாமல்.

"வரத்தான செய்யும், பிள்ளையள் அழுதாக்க," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

டாக்டர் நஸ்ரின் வந்தபோது குட்டிகள் குடித்து முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆவரைவிளைக் கால்நடை மருந்தகத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. ஆடு, மாடு, கோழி, கோயில் குதிரை ஒன்று, எல்லாம் பார்த்தவர். பவுனைத் துண்டில் சுருட்டித் தூக்கி, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார்.

"பால் கட்டியிருக்கு, காய்ச்சல் இருக்கு, நெஞ்சுல சளியும் இருக்கு. ஊசி போடுறேன். நான் முள்ளெலிக்கு இதுவரை பார்த்ததில்ல, எடைய வச்சு கணக்குப் பண்ணித்தான் போடுறேன், பொய் சொல்லமாட்டேன் அக்கா. தாய் பிழைக்கிறது பாதிக்குப் பாதி. பால் திரும்ப நாளாகும், திரும்பாமலும் போகலாம். குட்டிக்கு மாட்டுப்பால் மட்டும் குடுத்துராதீங்க, வயிறு ஊதிப்போகும். கையால தொடாதீங்க, மனுச வாடை பட்டா தாயே தின்னுரும். சத்தமும் ஆகாது. பயந்தாலும் தின்னுரும்." பிறகு பெட்டிக்குள் பார்த்தார். "இது என்ன?"

"தோலு."

"பால் எங்கருந்து?"

"தோல்லருந்துதான்."

டாக்டர் குச்சியில் பஞ்சைச் சுற்றி ஒரு சொட்டு எடுத்து, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "கெட்டியா நல்லா இருக்கு. அதுங்க வாடையே இருக்கறதால தாயும் ஒதுக்காது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் குடுங்க. குடிச்சதும் ஈரப்பஞ்சால வயித்துல தடவிவிட்டாத்தான் ஒண்ணுக்குப் போகும். இன்னொண்ணு, இத வீட்டுல வளர்க்கக் கூடாது, சட்டம் இருக்கு. குட்டி தானா இரை தேட ஆரம்பிச்சதும் தேரில விட்டுரணும்." மூன்று வெள்ளாடுகள் மருந்தகத்தில் காத்திருந்தன, போய்விட்டார்.

மறுநாள் காலை பொன்சீலியின் தோலில் பால் நின்றுவிட்டது. முட்கள் காய்ந்த புல் மாதிரி ஒவ்வொன்றாகக் கழன்று, மத்தியானத்துக்குள் எல்லாம் கொட்டி, மிஞ்சிய தோல் நைந்த கந்தல் மாதிரி ஆகி, எடுத்தால் விரலில் பொடியாக ஒட்டியது. அம்மை கொடுத்த தோல் போய்விட்டதே என்று அவள் ஒரு பாட்டம் அழுதிருந்தால் கீழத்தெருவின் மற்றச் செப்புகள் எல்லாம் பூட்டியபடியே இருந்திருக்கும், குட்டிகளும் அன்றைக்கே முடிந்திருக்கும். பொன்சீலி முட்களை முறத்தில் கூட்டி அள்ளிக்கொண்டு தெருவில் நடந்துபோனாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "எங்க தோல் ஒரு நாளுக்கு மேல நின்னு குடுத்துச்சு," என்றாள்.

அதோடு பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டுத் தோல் ஒரு நாள்கூடத் தாங்காது என்று யார் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? சாயங்காலத்துக்குள் ஏழு செப்புகள் தங்கபுஷ்பத்தின் வாசலில் வரிசையாக இருந்தன. எது முதலில் என்று சண்டை வந்தது. ரேஷன் கடை வாசலில் கூடிப் பேசி, கோயில் கொடைக்குச் சப்பரம் எந்த வரிசையில் வீட்டுவாசல்களில் நிற்குமோ அந்த வரிசையில் தோல் வைப்பது என்று முடிவானது. சப்பரம் முதலில் நிற்கிற வாசல் ஜெயக்கொடியுடையது.

ஜெயக்கொடியின் தோல் ஊரிலேயே பழையது. அவளுடைய பூட்டிக்கு வந்த சீர் என்பார்கள். முட்கள் கறுத்துப் பளபளத்து, கடைந்து எடுத்த மாதிரி இருக்கும். வருகிற தை மாசம் மகள் கனிச்செல்விக்குக் கல்யாணம் பேசியிருந்தது, செப்பு புளி போட்டு விளக்கி பீரோவுக்குள் தயாராக இருந்தது. வரிசைப்படி ஆள் போய்க் கேட்டபோது, "கண்ட எலிக்கும் பால் குடுக்கதுக்கு எங்க தோல் என்ன ஆசுபத்திரியா?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வரிசையை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. அதனால் ஒவ்வொரு தரமும் புதிய தோல் வைக்கிற நேரம் வந்தபோது சப்பர வரிசை வாசிக்கிறவர் வாசலில் நின்று முதலில் ஜெயக்கொடி வீட்டின் பெயரைச் சொல்லுவார், சப்பரம் நிற்கிற அளவு நேரம் எல்லோரும் காத்திருப்பார்கள், பிறகு அடுத்த பெயரைச் சொல்லுவார். அந்தப் பெயர் தெருமுனை மாடிவீடு வரை கேட்டது. நாளுக்கு இரண்டு தரமாவது கேட்டது.

கீழத்தெரு இதற்குப் பழகிக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எந்தத் தோல் எந்தப் பிள்ளையைக் காப்பாற்றியதோ அந்தப் பிள்ளைகள் தங்கள் தோலைப் பார்க்க வந்தார்கள்; லாரி டிரைவர் ஒருத்தன், உடன்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒருத்தன், நிறைமாதமாக இருந்த ஒரு நர்ஸ். தங்கள் தோலில் குட்டிகள் வாய்வைக்கிறதை நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தங்களைப் பெற்றவர்களுக்குச் சொல்லப்போகிற முகத்தோடு போனார்கள். ஆண் எலிகளின் தோலும் பால் கொடுத்தது, அதைப் பற்றி மட்டும் யாரும் பேசிக்கொள்ளவில்லை. நாளிதழ் ஒன்றின் நிருபர் வந்து விசாரித்துவிட்டு, தண்ணீர் தட்டுப்பாடு ஏதாவது உண்டா என்று கேட்டு அதை எழுதிக்கொண்டு போனார். சத்தம் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதால் மாவு மில்காரர் பகலில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டினார், பேருந்து ஹாரன் அடிக்காமல் திரும்பியது, புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் தேரி மேட்டுக்குப் போய் நடந்தன. தீபாவளி நெருங்கியது. கீழத்தெருவில் வெடி கிடையாது என்றானது. மேலத்தெருக்காரர்களும் பொறாமை தாங்காமல் நான்கு செப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "ஒங்க தோல் ஒங்க தெருவுக்கு இருக்கட்டும்யா, எங்க பிள்ளையளுக்கு எங்க பால் இருக்கு," என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பியதில் தங்கபுஷ்பமும் ஒருத்தி.

ஒவ்வொரு நாளும் முட்கள் கொட்டின. ஒவ்வொரு வீடாகச் செப்பு காலியானது. திருப்பூரிலிருந்து இசக்கிராசா போனில் பேசினான்.

"எம்மா, தாய் எப்படி இருக்கு?"

"இருமுது. ஊசிக்குக் கொஞ்சம் கேக்கு. எழுந்து வண்டு திங்கல இன்னும்."

"குட்டி?"

"முதுகு கறுத்துட்டு வருது. புது முள்ளு வருது. கண்ணு தொறக்கல."

"கண்ணு தொறக்கது வரைக்கும் தோல் இருக்காம்மா?"

தங்கபுஷ்பம் வாசலை எட்டிப் பார்த்தாள். தெருவில் இன்னும் எத்தனை செப்பு மீதி என்று அவளுக்குத் தெரியும், எண்ணுவதற்கு விரல்கூடத் தேவைப்படாத நிலைக்கு வந்திருந்தது.

தீபாவளி அன்று விடிந்தபோது கடைசித் தோலும் கொட்டியிருந்தது. கீழத்தெரு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, சத்தமில்லாமல் இருந்தது. மேலத்தெருவில் சரம் வெடித்தபோது இங்கே ஓலைப்பெட்டியின்மேல் மூன்று மெத்தையை வைத்து மூடினார்கள். மெத்தையை எடுத்துப் பார்த்தபோது குட்டிகள் காலியான கந்தலில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தன. சின்னக் குட்டி சப்புவதையும் விட்டிருந்தது. சுயம்புலிங்கம் சொன்னார்:

"மேலத்தெருவுல போய்க் கேக்கேன்."

"கேட்டா நாலு தோலையும் குடுப்பான். குடுத்துட்டு சாகுத வரைக்கும் சொல்லுவான்," என்றாள் தங்கபுஷ்பம்.

"பின்ன?"

"சொல்லிக்கிட்டே இருக்கவ ஒருத்தி ஏற்கனவே இருக்காள்லா. அவகிட்டயே போறேன்."

அவள் தலைவாரி, தீபாவளிக்கு எடுத்திருந்த அரக்குச் சேலையைக் கட்டி, தாலியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் இருமுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய அதே தெருவில், இந்தத் தரம் ஓடாமல், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். தண்ணீர்க் குழாயடிக்கு வந்தபோது எதிரே ஜெயக்கொடி வந்துகொண்டிருந்தாள், பட்டுச்சேலையில், முந்தானைக்கு அடியில் எதையோ அணைத்துப் பிடித்தபடி. இரண்டு பேரும் நின்றார்கள். வாசல்களில் இருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"எங்களா போற, இந்த உடுப்புல?" என்றாள் ஜெயக்கொடி.

"கடைக்கி. நீங்க?"

"கோயிலுக்கு."

"கோயில் அந்தப் பக்கம்லா மதினி."

"தீபாவளிக்கு எந்தக் கடை தொறந்திருக்கு?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவே அந்தச் சொட்டை எண்ணியது.

"நான் கேக்க வந்தேன்," என்றாள் தங்கபுஷ்பம்.

"கேளு. நல்லா சத்தமா கேளு. நாலு பேருக்குக் கேக்கட்டும்."

தங்கபுஷ்பம் தலையை நிமிர்த்திக்கொண்டாள். "அன்னைக்கி ஒரு முள்ளு கேட்டேன். இன்னைக்கி முழுத் தோலையும் கேக்கேன். திருப்பித் தரமாட்டேன். மிச்சமும் வராது."

ஜெயக்கொடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்படிக் கேட்கிறவளிடம் கொடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று அவள் நினைத்திருக்கவேண்டும், ஏனென்றால் முந்தானையை விலக்கிச் செப்பை வெளியே எடுத்தாள்.

"நீ கேக்கலன்னாலும் குடுத்திருப்பேன். ஊருல எல்லாத் தோலும் பால் குடுத்துச்சு, ஜெயக்கொடி வீட்டுத் தோல் மட்டும் குடுக்கலன்னு நாளைக்கி ஒருத்தி சொல்லக்கூடாதுல்லா. அஞ்சு நாளா எம்பேரச் சொல்லிச் சொல்லி எங்க வீட்டுல ஒருத்தனும் சோறு திங்கல. ஆனா நானே தூக்கிட்டு வருவேன். நானே வைப்பேன்."

"நீங்களே வைங்க."

"கனிச்செல்வி என்னைய மொறைக்கா. அத நீ பேசிக்கோ."

ஜெயக்கொடி இத்தனை வருஷத்தில் முதல் தரமாக அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டி அடுப்படிக்குள் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, செப்பைத் திறந்தாள். கறுத்த முட்கள் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னின. தோலை மல்லாக்கப் பெட்டிக்குள் வைத்தாள். குட்டிகள் ஊர்ந்துவந்து வாயை வைத்தன. ஒன்றும் வரவில்லை. உட்புறம் காய்ந்த பனம்பட்டை மாதிரி கிடந்தது. வாசலில், ஜன்னலில், கொல்லைக் கதவில் தெரு முழுவதும் நின்றுகொண்டிருந்தது, யாரும் இருமக்கூட இல்லை, பவுனு மட்டும் இருமியது.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் ஜெயக்கொடி. "எடுத்த ஒடனே குடுக்கதுக்கு அது என்ன சாதாரணத் தோலா? வம்சம் அப்படி."

மேலும் பொறுத்தார்கள். சின்னக் குட்டி தோலின் ஓரத்தில் தலையைச் சாய்த்துவிட்டது. தங்கபுஷ்பத்தின் கை ஜெயக்கொடியின் தோளுக்குப் போய், தொடாமல் நின்றது. ஜெயக்கொடியின் கழுத்தில் வியர்த்தது. அவள் பெட்டிக்கு மேல் குனிந்து, பிள்ளையை அதட்டுகிற குரலில், ஆனால் சத்தமில்லாமல் சொன்னாள்:

"ஏய். மானத்த வாங்காத."

பால் வந்தது. மற்றத் தோல்களில் வந்த மாதிரி புள்ளி புள்ளியாக வரவில்லை. உட்புறம் முழுவதும் ஒரே நேரத்தில் நனைந்து, குழிவில் தேங்கி, பெட்டியின் ஓலை இடுக்குகளில் வழிந்து தரையில் ஓடியது. சின்னக் குட்டியின் மூக்கு நனைந்தது, தும்மியது, நக்கியது, எழுந்து முன்னால் வந்தது. பவுனு மூலையிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்து, முகர்ந்து பார்த்து, தன் குட்டிகளுக்கு நடுவே தலையை நுழைத்து, தானும் ஒரு குட்டியாகக் குடித்தது. ஜெயக்கொடி எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. தங்கபுஷ்பம் கை கொடுத்துத் தூக்கினாள்.

"பாத்தியா?" என்றாள் ஜெயக்கொடி.

"பாத்தேன் மதினி."

"எல்லாரும் பாத்தியளா?"

எல்லோரும் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அந்த ஒரு தோல் குட்டிகள் கண் திறக்கிற வரைக்கும் நின்று கொடுத்தது. காலையும் மாலையும் ஜெயக்கொடி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், தங்கபுஷ்பம் காப்பி போட்டுக் கொடுப்பாள், காப்பியில் சீனி அதிகம் என்று ஜெயக்கொடி தினமும் சொல்லுவாள். தாயின் கட்டு கரைந்து காய்ச்சல் இறங்கி இருமலும் நின்றது. நெஞ்சில் குழலை வைத்துக் கேட்ட டாக்டர் நஸ்ரின் தன்னுடைய ஊசி வேலை செய்திருக்கிறது என்றார். ஜெயக்கொடி, அவர் கேட்கிற தூரத்தில், தன்னுடைய பால் வேலை செய்திருக்கிறது என்றாள். இரண்டு பேரும் அப்புறம் சேர்ந்து குட்டிகளை எடை பார்த்தார்கள். கண் திறந்த அன்றைக்கு மறுநாள் அந்தக் கறுத்த முட்களும் கொட்டின. ஜெயக்கொடி யாரையும் தொடவிடவில்லை. தானே கூட்டி, தானே அள்ளி, காலிச் செப்புக்குள் போட்டு எடுத்துப்போய்த் தேரி மணலில் கொட்டிவிட்டு, திரும்பி வருகிற வழியில் பொன்சீலி வீட்டு வாசலில் நின்றாள்.

"ஒங்க தோல் எத்தன நாளு சொன்ன?"

"ஒரு நாளுக்கு மேல."

"ம்," என்றாள் ஜெயக்கொடி. காலிச் செப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கார்த்திகை பிறந்து மழை விட்ட ஒரு சாயங்காலம், சுயம்புலிங்கம் ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்து முன்னால் நடக்க, தங்கபுஷ்பமும் தெருவும் பின்னால் போக, தேரி மேட்டில் உடைமரத்தடியில் பெட்டியைச் சாய்த்து வைத்தார்கள். பவுனு முதலில் இறங்கியது. மூன்று குட்டிகளும் இறங்கின. நாலும் ஒரே வரிசையில் செம்மணலில் போயின, திரும்பிப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பம் அழவில்லை. அழுதாளா என்று பிறகு கேட்டவர்களிடம், "எதுக்கு அழணும்? நாலும் நடந்துல்லா போச்சு," என்றாள்.

அந்தக் கார்த்திகையில் கீழத்தெருவில் ஒரு வீட்டிலும் தோல் இல்லை. செப்புகள் இருந்தன, விளக்கித் துடைத்து, காலியாக. கோயில் வரி கேட்டு வந்தவர் வழக்கப்படி தோல் இல்லாத வீடு எது என்று ஒரு பையனிடம் கேட்டபோது, அவன் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லுங்கள் என்றான்.

கனிச்செல்வியின் மாப்பிள்ளை வீட்டாரை எப்படிச் சமாளிப்பது என்று மார்கழி முழுவதும் ஜெயக்கொடி வீட்டில் பேச்சு நடந்தது. வெறும் செப்பா, செப்பே வேண்டாமா, மேலத்தெருவில் ஒரு தோல் வாங்கிவிடலாமா? மேலத்தெரு என்று சொன்ன தம்பியை ஜெயக்கொடி எழுந்து வெளியே போகச் சொன்னாள். கடைசியில் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டனுப்பினாள். தங்கபுஷ்பம் வந்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்பது வெளியே வரவில்லை. காப்பியில் சீனி கம்மி என்று தங்கபுஷ்பம் சொன்னது மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டது.

2018 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை காலை, கனிச்செல்வியின் சீர்வரிசையில் முதல் தட்டாக வெறும் செப்பு போனது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள் தங்கபுஷ்பம்.